கிருத்திகையன்று போட்ட ஊசி

கந்தம்மாள் கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிநீரிலிருந்து இடுக்கியால் எடுத்து உதறினாள். மருந்தை ஏற்றி, கணவர் சேனாதிபதியின் தொடையில் குத்தினாள். கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் அவள் தம்பி குருநாதன் வீடு. அறைக் கதவைத் தாழிட்டிருந்தாள். ஆறு வருஷமாக எங்கே இருந்தாலும் காலையில் இதுதான் வேலை.

சேனாதிபதிக்குப் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. "பஞ்சாமிர்தம் விக்கிறவனுக்கே சர்க்கரை வியாதின்னா எவன் வாங்குவான்?" என்று, நோய் தெரிந்த அன்றே மனைவியின் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார். வெளியே சொன்னால் அவர் உயிர் போய்விடும். ஆகவே ஊசி போட அவளைத் தவிர ஆளில்லை. அம்மா இறந்தபோதுகூடக் கந்தம்மாள் அன்று மாலையே வீடு திரும்பினாள். 'புருஷனை விட்டு ஒரு ராத்திரி இருக்க மாட்டாளே' என்று சொந்தங்கள் சிரித்தன. அதையும் வாங்கிக்கொண்டாள்.

1961 ஐப்பசியில் மலைவாழைக்குச் சொல்லிவைக்க வந்த இடத்தில் அவருக்குக் கடைவாய்ப்பல் வலி பிடித்துக்கொண்டது. கொடைக்கானலில் ஞானவேல் டாக்டர் வலிக்காமல் பிடுங்குவார் என்றான் குருநாதன். அன்று கிருத்திகை. மற்றக் கிருத்திகைகளில் சேனாதிபதி சோறு தொடமாட்டாரே தவிர, பாலும் பழமும் எடுத்துக்கொள்வார். அன்று பல்வலியில் பால்கூட இறங்கவில்லை. ஊசியின் அளவைக் குறைக்கக் கந்தம்மாளுக்குத் தோன்றவில்லை. பழகிய கை, எப்போதும் போல் போட்டுவிட்டது.

"வேற வியாதி எதும் உண்டாங்க? காலையில சாப்பிட்டீங்களா?" என்று அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டார் டாக்டர்.

"கல்லு மாதிரி இருக்கேன். சாப்பாடெல்லாம் ஆச்சு."

கந்தம்மாள் மடியிலிருந்த பஞ்சாமிர்த டப்பாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். டாக்டருக்குக் கொடுக்கக் கொண்டுவந்தது.

டாக்டர் வாய்க்குள் கண்ணாடியை நீட்டியதும் சேனாதிபதி அவர் கையைத் தட்டிவிட்டார். "ஏலே, எங்கிட்டயேவா? காயெல்லாம் அடிபட்டுக் கெடக்கு, இந்த வெலையா சொல்ற?"

டாக்டரை வாழைத்தோட்டக்காரர் என்று நினைத்துவிட்டார். சொல்லி முடிப்பதற்குள் தலை சாய்ந்தது.

டாக்டர் நாற்காலியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தினார். "பயந்துட்டாரும்மா. பெரிய பெரிய மீசையெல்லாம் இங்க சாஞ்சிருக்கு. இப்பத் தெளிஞ்சிரும்."

தெளியவில்லை. சன்னலுக்கு வெளியே மஞ்சு மூடிக் கிடந்தது. ஸ்வெட்டர் போட்டும் விரல் விறைக்கும் குளிர். அவருக்கோ சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை வெடவெடத்தது. அது வெறும் வயிற்றில் ஊசி போட்டுச் சர்க்கரை இறங்கிய வேர்வை என்று கந்தம்மாளுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் சத்தியம் அவரைக் கொல்லும். திறக்காவிட்டால் காலையில் தான் போட்ட ஊசி கொல்லும்.

டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "பயத்துல சாஞ்சவரு இம்புட்டு நேரம் கெடக்க மாட்டாரு. இப்படி வேர்க்கவும் வேர்க்காது. எதையோ மறைக்கிறீங்க. சொல்லுங்கம்மா."

அவள் கணவரின் தலையைப் பார்த்தாள். கை வைத்த இடம்.

"சர்க்கரை ஊசிங்க. காலையில நான்தான் போட்டேன். அவரு எதுவும் சாப்பிடல."

"அட ஆண்டவா! இனிப்பு எதாவது, வெரசா!"

டப்பா மூடியை அவள் அதற்குள் திறந்திருந்தாள். டாக்டர் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, விழுங்க முடிகிறதா என்று தொண்டையில் கைவைத்துப் பார்த்தார். பிறகு தலையசைத்தார். கந்தம்மாள் துளித்துளியாக எடுத்துக் கன்னத்துக்குள் தடவினாள். ஒன்று இறங்கிய பிறகே அடுத்தது. விரதம் அங்கேயே முறிந்தது.

கொஞ்ச நேரத்தில் சேனாதிபதி கண் திறந்தார். நாக்கைச் சுழற்றினார்.

"ஏலக்காய் தூக்கல். எவன் கடைச் சரக்கு?"

"நம்ம கடைதாங்க," என்றாள்.

டாக்டர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். பல்லை அன்று தொடமாட்டேன் என்று சொல்லி, கூட ஆள் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

மறுநாள் காலை கந்தம்மாள் கதவைத் தாழிடவில்லை. முதலில் இட்லித் தட்டை வைத்தாள்.

"தலையில அடிச்ச சத்தியத்தயே மீறிட்டியேடி."

"மீறுனதாலதான் உக்காந்து வையிறீங்க. சாப்பிடுங்க."

அவர் வலிக்காத பக்கமாக மென்று முடிக்கும்வரை நின்றாள். பிறகு தம்பியைக் கூப்பிட்டு, சாட்சிக்குப் போலப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"தை மாசம் அம்மா திதிக்கு இங்க வருவேன். நாலு நாள் இருந்துட்டுத்தான் திரும்புவேன்," என்று சொல்லி, கொதிக்கவைத்த ஊசியைக் கணவர் கையிலேயே கொடுத்தாள்.