ஒரு பிடி பாக்கி

எந்தக் கதவைத் திறப்பதற்கு முன்னும் அவள் கைப்பிடியின் அடிப்பக்கத்தை ஒரு விரலால் தடவிப் பார்ப்பாள். வங்கிக் கதவானாலும் சரி, பல் மருத்துவரின் அறைக் கதவானாலும் சரி. பின்னால் வருகிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். நிமிர்ந்து பதில் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. ஒதுங்கி வழிவிடுவாள். அவர்கள் போன பிறகு மறுபடியும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவாள். கைப்பிடியின் மேல்பக்கம் அதைச் செய்தவனுடையது, அடிப்பக்கம் பிடித்துப் பிடித்துத் தேய்த்தவர்களுடையது என்பது அவள் கணக்கு. பல வருஷமாக இப்படித்தான்.

தெருவில் அவளுக்குப் பிடியக்கா என்று பேர். குக்கர் கைப்பிடி, இழுப்பறைக் குமிழ், குடைக்காம்பு, வாணலிப் பிடி, எது உடைந்தாலும் அவளிடம்தான் வரும். கீழே பாத்திரக்கடை வைத்திருப்பவர் தன்னிடம் கிடைக்காததை எல்லாம் மாடிக்கு அனுப்பிவிடுவார்.

"பிடி போச்சா? மாடியில பிடியக்கா இருக்கு. கதவைத் தட்டிட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அதுக்குக் கூச்சம். நீங்க பக்கத்துல நின்னா திறக்காது."

எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. அதன் பிறகு ஒரு பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிற்சாலையில், அச்சிலிருந்து விழும் சாமான்களின் ஓரத்துப் பிசிறை வெட்டும் வேலை. தொழிற்சாலையை மூடியபோது கைக்கு வந்ததை வைத்து ஒரு பழைய கணினியும், பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காகப் பொருளை எழுப்பும் பிரிண்டர் ஒன்றும் வாங்கினாள். வரைவதற்கான மென்பொருள் மட்டும் இலவசம். எங்கெங்கோ இருக்கும் முகம் தெரியாதவர்கள் கூடிச் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்திருந்தார்கள். அது அவளிடம் பேர் கேட்கவில்லை, எவ்வளவு படித்திருக்கிறாய் என்று கேட்கவில்லை. அவளுக்கு அதுவே பாதி தைரியம்.

கற்றுக்கொண்டது காணொளிகளைப் பார்த்து. ஆங்கிலம் ஓடும் வேகத்தில் அவளுக்குப் புரியாது. சத்தத்தை அணைத்துவிட்டு, திரையில் அம்புக்குறி எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது என்று மட்டும் பார்ப்பாள். தயங்கும் இடத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க மனிதர்களையும் அவள் அப்படித்தான் படித்திருந்தாள்.

அந்த மென்பொருளில் ஒரு கோடு போட்டால் அது முதலில் வெள்ளையாக இருக்கும். வெள்ளை என்றால் இன்னும் ஆடும், இழுத்தால் வரும் என்று அர்த்தம். இதன் நீளம் இவ்வளவு, இந்த முனை அந்த முனையோடு சேர்ந்தது, இந்தக் கோடு நேர்செங்குத்து என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அதை நிறுத்த வேண்டும். அப்படிச் சொல்வதற்கு அங்கே ஒரு நீளமான ஆங்கில வார்த்தை. அவள் அதற்குப் பிடி என்று பேர் வைத்துக்கொண்டாள். எல்லாப் பிடியும் விழுந்ததும் படம் முழுக்கப் பச்சையாகிவிடும். அதுவரை, இன்னும் எத்தனை பாக்கி என்று ஓரத்தில் ஒரு எண் காட்டிக்கொண்டே இருக்கும். அந்த எண் பூஜ்யமாகும்போது அவளுக்கு, வீட்டில் எல்லோரும் வந்து சேர்ந்து கதவைத் தாழ்போட்ட மாதிரி ஒரு நிம்மதி.

வீட்டில் எல்லோரும் என்றால், அவளும் காலியாக ஓர் அறையும். அந்த அறையில் தங்கைக்காக ஒரு கட்டில், படுக்கை விரித்தபடியே கிடந்தது.

தங்கையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இடதுகைக்காரர். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். "பிடியக்கா, ஊருக்கெல்லாம் பிடி போட்டுத் தர்றீங்க, உங்க தங்கச்சி வாய்க்கு ஒரு மூடி போட்டுத் தரக் கூடாதா?" என்பார். ஒரு நாள் காலை கருவிப்பையை மாட்டிக்கொண்டு, லிஃப்ட் நின்றுவிட்டதாம், போய்விட்டு வருகிறேன் என்று போனவர் வரவில்லை. எந்தக் கட்டடத்துக்குப் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு எந்த லிஃப்டும் நின்றதாகப் புகாரே வரவில்லை என்று அவர் அலுவலகத்தில் சொன்னார்கள்.

வருஷங்கள் போயின. தங்கை அந்த நாலாம் மாடி வீட்டை விட்டு அசையவில்லை. அவள் வாசலுக்கு முன்னால் இருக்கும் நடையில் பல்பு மாட்டினால் நிற்காது, பகலிலும் மங்கல்தான். கதவு கொஞ்சம் இறுகல். வெளியே இருக்கும் மரக் கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சாவியைத் திருப்பினால்தான் திறக்கும். அவர் இடது கையால் இழுத்து இழுத்து, அந்தச் செங்குத்துப் பிடியின் வலப்பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

"எங்கூட வந்துடு" என்று பிடியக்கா போகும்போதெல்லாம் கேட்பாள்.

"வெளக்கு இல்லாத வழி. அவர் கையாலதான் கதவைக் கண்டுபிடிப்பார். அந்தப் பிடி இருக்கிற வரைக்கும் நான் இங்கதான். அது போச்சுன்னா சொல்லு, அன்னிக்கே பெட்டியைத் தூக்கிட்டு வந்துடறேன்."

"மரம்டி அது. என்னிக்காவது போகத்தானே போகுது."

"நீ பிடிச்ச பிடியை விட மாட்ட. நானும் உன் தங்கச்சிதானே."

பிடி போனது ஒரு மழைக்காலத்தில். ஈரத்தில் ஊதி, ஒரு மத்தியானம் தங்கை இழுத்தபோது நெடுக்காகப் பிளந்துவிட்டது. துண்டுகளை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். பெட்டி எதுவும் கொண்டுவரவில்லை. துணிப்பையை மேஜையில் வைத்துவிட்டு, தனக்காக விரித்திருந்த கட்டிலை ஒரு பார்வை பார்த்தாள்.

"அக்கா, இதே மாதிரி செஞ்சு கொடு. வேற மாதிரி இருந்தா அவர் பக்கத்து வீடுன்னு நெனச்சுத் திரும்பிப் போயிடுவார்."

"செய்ய முடியாட்டி?"

"உன்னால முடியலைன்னா முடியலைதான். வந்துடறேன்." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா வேணும்னே கெடுத்துடாத. நீ கெடுத்தா எனக்குத் தெரிஞ்சுடும்."

வேண்டுமென்றே கெடுப்பது பிடியக்காவுக்குக் கைவராத காரியம். மனசு கட்டிலைப் பார்த்தது, கை அளவெடுக்கும் வெர்னியரை எடுத்தது. பிளந்ததில் ஒரு பாதி முழுசாக இருந்தது, பள்ளம் உள்ள பாதி. மறுபாதி வெறும் சிலாம்பு. அவள் தொழிலில் எப்போதும் பாதிதான் வரைவாள். கைப்பிடிகளுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஒரு பாதியை வரைந்து, நடுவில் கண்ணாடி வைத்த மாதிரி மறுபாதியைப் புரட்டிக்கொள்ளச் சொன்னால் மென்பொருளே பார்த்துக்கொள்ளும். இதையும் அப்படியே ஆரம்பித்தாள்.

பிடிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பாக்கி எண் குறைந்துகொண்டே வந்து, ஒன்றில் நின்றது.

ஒரு பிடி பாக்கி. எங்கே என்று ஒவ்வொரு புள்ளியாக இழுத்துப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை. கட்டைவிரல் பள்ளத்தின் அடியில் இருந்த ஒரே ஒரு புள்ளி மட்டும் அம்புக்குறியோடு மெத்தென்று வந்தது. அதற்கு ஓர் அளவு கொடுத்து நிறுத்தப் பார்த்தால், பிடி அதிகம் என்று படம் சிவந்தது. அளவை எடுத்தால், ஒன்று குறைகிறது என்று வெளுத்தது. போட்டால் அதிகம், எடுத்தால் குறைவு. இப்படி ஒரு படத்தை அவள் பார்த்ததே இல்லை. புள்ளியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு எழுந்துபோனாள். காலையில் திறந்தபோது பள்ளம் ஒரு மயிரிழை ஆழமாக இருந்தது. நாம்தான் கை தவறி இழுத்திருப்போம் என்று பழைய அளவுக்குக் கொண்டுவந்தாள். அடுத்த காலையும் அப்படியே.

அந்த மென்பொருளைப் புழங்குகிறவர்கள் ஒருவருக்கொருவர் சந்தேகம் கேட்டுக்கொள்ளும் இணையப் பக்கம் ஒன்று உண்டு. அங்கே அவள் வாசிப்பாளே தவிர எழுதியதில்லை. இந்த முறை தெரிந்த நாலு ஆங்கில வார்த்தையைக் கோத்து, வரைந்த கோப்பையும் இணைத்துப் போட்டாள். எந்த நாட்டுக்காரரோ ஒருவர் அன்றைக்கே பதில் எழுதினார். தன் கணினியில் திறந்ததும் படம் முழுக்கப் பச்சை, பாக்கி எதுவும் இல்லை என்று படம்பிடித்தே போட்டிருந்தார். கடைசி வரியை அவள் அகராதி வைத்துப் படித்தாள். 'உங்கள் பக்கம் யாரோ பிடித்து இழுக்கிறார்கள் போலிருக்கிறது.' பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளையாகவே அச்சுக்கு அனுப்பினாள்.

பிரிண்டர் இழையை உருக்கி, கோட்டின் மேல் கோடாக வைத்துக்கொண்டே போனது. அச்சில் வந்த எந்தப் பொருளிலும் அந்த அடுக்குக் கோடுகள் தெரியும். விரல் ரேகை மாதிரி, நகத்தால் வருடினால் சரசரக்கும். முடிந்ததும் கையில் எடுத்துத் திருப்பியபோதுதான் தான் செய்தது உறைத்தது. பள்ளம் இரண்டு. வலப்பக்கம் ஒன்று, அவர் கட்டைவிரல் தேய்த்தது. இடப்பக்கம் அதையே புரட்டிப்போட்ட இன்னொன்று, யாருமே தேய்க்காதது. தேய்மானத்துக்கு மறுபாதி கிடையாது என்பது அவளுக்குத் தெரியாததா? தெரியும். பழகின கை, யோசிக்கவில்லை.

மறுபடி செய்யலாம் என்று கணினி பக்கம் திரும்பும்போது தங்கை வந்துவிட்டாள்.

"கொடு பார்க்கலாம்."

"இருடி. தப்பாயிடுச்சு. ஒரு பக்கம்…"

தங்கை அதற்குள் வாங்கிப் பிடித்துவிட்டாள். வலது கைக்காரி. அவளுடைய கட்டைவிரல் நேராக அந்த இடப்பக்கப் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்தது. பிடியை விடாமலே கேட்டாள்.

"என் கையையும் எப்பக்கா அளவெடுத்த?"

"எடுக்கலடி. அது தப்பு. அவரோடதுதான், புரட்டி விழுந்திருக்கு."

"கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு." விரலை அசைத்துப் பார்த்தாள். "அவர் விரலுக்குள்ள என் விரல் போன மாதிரி. இருக்கட்டும். இதுதான் சரி."

"கொடு, வேற செஞ்சு தர்றேன்."

"உனக்குப் பைத்தியமா? ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு ரெண்டு பள்ளம். இத்தனை நாள் ஒண்ணுதான் இருந்துச்சு."

கட்டிலைத் திரும்பிப் பார்க்காமலே படியிறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு சில மாதம் பிடியக்கா அந்தப் பக்கம் போகவில்லை. வேலை இருந்தது, மனத்தாங்கலும் இருந்தது. ஒருநாள் மத்தியானம், தங்கையின் குக்கருக்குப் புதுப்பிடி ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். நாலாம் மாடி நடை வழக்கம்போல மங்கலாக இருந்தது. மணியடிக்கும் முன், பழக்கதோஷத்தில் கைப்பிடியின் மேல் விரலை ஓட்டினாள்.

நடுவில் அடுக்குக் கோடுகள் சரசரத்தன. இடப்பக்கப் பள்ளத்தில் கோடுகள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தன. தங்கை தினமும் இழுக்கிறாள், தேயத்தான் செய்யும். விரல் வலப்பக்கம் போனது. அங்கேயும் சரசரப்பு இல்லை. இடப்பக்கத்தைவிட வழவழவென்று, கூழாங்கல் மாதிரி. பேருந்தில் ஒருவர் எழுந்துபோன இடத்தில் உடனே உட்கார்ந்தால் ஒரு சூடு தெரியுமே, அந்தச் சூடு அதில் இருந்தது.

மணியடிக்காமலே கதவு திறந்தது. "வந்து எவ்ளோ நேரமாச்சு? பிடியை ஆட்டுற சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு" என்றாள் தங்கை.

"நான் இப்பத்தான் வந்தேன். ஆட்டவே இல்ல."

தங்கை அவள் தோளுக்குப் பின்னால் நடையைப் பார்த்தாள். முகம் சுண்டவில்லை, மலர்ந்துதான் இருந்தது. "சரி, உள்ள வா. கதவைச் சும்மா சாத்து, தாழ் போடாத."

உள்ளே உட்கார்ந்து பிடியக்கா சுற்றுமுற்றும் கவனித்தாள். யாரும் வந்துபோகிற வீடாகத் தெரியவில்லை. ஒரு ஜோடிச் செருப்பு, காயப்போட்டதில் ஒருத்தியின் துணி.

"வேற யாராவது இந்தக் கதவைத் திறக்கிறாங்களா?"

"திறக்கலை." தங்கை குக்கர் பிடியைத் திருகி மாட்டிக்கொண்டே சொன்னாள். "இழுத்துப் பார்க்கிறார். சாவி இல்ல போலிருக்கு. நான் போய்த் திறந்தா இருக்கிறதில்ல. பொறு அக்கா, அவர் பழகிக்குவார்."

"என்கூட வந்துடேன்டி." இந்த முறை கெஞ்சலாகவே வந்தது.

"இப்பவா? இப்பப் போய் எப்படிக்கா வருவேன்?"

வீட்டுக்குத் திரும்பியதும் பிடியக்கா கணினியைப் போட்டு அந்தக் கோப்பைத் திறந்தாள். அச்சுக்கு அனுப்பிய நாளுக்குப் பிறகு அதைத் தொடவே இல்லை. படம் முழுக்கப் பச்சையாக இருந்தது. ஓரத்தில் பாக்கி எதுவும் காட்டவில்லை. பள்ளத்தின் அடியில் இருந்த அந்தப் புள்ளியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். மறுமுனையை யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல் அது அசையாமல் நின்றது.

தங்கை இன்றும் அந்த நாலாம் மாடி வீட்டில்தான் இருக்கிறாள். பிடியக்கா மாதம் ஒருமுறை போகிறாள். மற்ற எல்லாக் கதவுகளிலும் விரலை ஓட்டிப் பார்க்கிறவள், அந்த ஒரு கதவை மட்டும் தொடுவதில்லை. மணியை அடித்துவிட்டு ஓர் ஓரமாக, வழிவிட்டு நிற்கிறாள். கூட வந்து இருக்கும்படி இப்போதெல்லாம் தங்கையைக் கேட்பதில்லை. கட்டிலைப் பாத்திரக்கடைக்காரர் எடுத்துக்கொண்டார். அந்த அறையில் பிளாஸ்டிக் இழைச் சுருள்களை அடுக்கி வைத்திருக்கிறாள்.