ஊசி போட்டவருக்கு வயது தெரியும்

கோகிலவாணி என்று பெயரைச் சொன்னாலே எங்கள் வட்டாரச் சுகாதார அலுவலகத்தில் பாதிப் பேர் முகத்தைச் சுளிப்பார்கள். மீதிப் பேர் சுளிக்காமல் இருந்தால், அவர் அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். மல்லசமுத்திரம் பக்கம் கருங்காட்டுப்புதூர் துணை சுகாதார நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கிராம சுகாதாரச் செவிலியர். நான் அதே வட்டாரத்தில் சுகாதார ஆய்வாளர். வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துக் கொசுப்புழு தேடுவது என் பிழைப்பு. அவரோடு சண்டை போடாமல் கழிந்த மாதம் எனக்கு நினைவில் இல்லை. அதனால் நான் எழுதப்போவதைப் புகழ்ச்சி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

துணை நிலையத்துக்கும் பால் சொசைட்டிக்கும் நடுவே இருநூறு அடிதான் இருக்கும். அந்தத் தூரத்துக்கு ஸ்கூட்டரில் ஏறினாலும் ஹெல்மெட்டை மாட்டி, தாடைக்குக் கீழே பட்டையைப் பூட்டிக்கொண்டுதான் கிளம்புவார். ஊர்ப்பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இங்கே ஹெல்மெட் என்பது பைபாஸில் ஏறும்போது போலீசுக்காக மாட்டுவது. மற்ற நாளெல்லாம் மீட்டர் பெட்டிமேல் தொங்கும். ஒரு வீட்டில் அதற்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அவரிடம் ஊரே பயந்தது ஒரே ஒரு விஷயத்துக்கு. அந்த ஊரில் இருபத்திரண்டு வயதுக்கு உட்பட்ட யாராக இருந்தாலும், ஒன்றரை மாதக் குழந்தையாக அவர் மடியில் படுத்து முத்தடுப்பு ஊசி போட்டுக்கொண்டு அழுதவர்தான். எல்லாருடைய பிறந்த தேதியும் பதிவேட்டில் இருந்தது, பாதி அவர் தலைக்குள்ளேயே இருந்தது. எதிரே பைக்கில் ஒருவன் பறந்தால், வண்டியை ஓரங்கட்டி, நடுரோட்டில் நின்று அவன் பிறந்த தேதியைக் கத்திச் சொல்வார். "பதினெட்டு முடிஞ்சிருச்சுங்க" என்று எந்த அம்மாவும் அவரிடம் கதை விட முடியாது. பிரசவத்துக்கு ஆம்புலன்ஸில் கூட வந்தவரிடம் எப்படிக் கதை விடுவது?

பையன்கள் வண்டி ஓட்டுவதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. எங்கள் பக்கத்து ஆண்களில் நிறையப் பேர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய்விடுவார்கள். போனால் எட்டு மாதம், பத்து மாதம். வீட்டில் இருக்கும் ஆண் என்றால் ஒன்பதாவது படிக்கும் பையன்தான். மாட்டுக்குத் தீவனம் வாங்க, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, தங்கையை டியூஷனில் விட, எல்லாவற்றுக்கும் அவன்தான். ஊருக்கு வரும் அப்பன் செய்யும் முதல் வேலை, மகனுக்குப் பைக் வாங்கிச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அவனையே ஏறி நசுக்கச் சொல்வது. இனி இந்த வீட்டுக்கு நீதான் ஆம்பளை என்று அதற்குப் பொருள்.

சின்னண்ணனும் அப்படித்தான் செய்தார். அவர் ரிக் டிரைவர். மூத்த மகன் பூபதிக்கு அப்போது பதினைந்து. சட்டப்படி வண்டி கொடுத்த பெற்றவருக்கு ஜெயில் என்று கோகிலவாணி வீடேறிப் போய்ச் சொன்னார். சின்னண்ணன் காப்பி கொடுத்து, மரியாதையாகச் சிரித்து அனுப்பிவைத்தார்.

அடுத்ததை நான் சொல்லித்தான் ஆக வேண்டும், வெட்கமாக இருந்தாலும். அந்த ஜனவரியில் மேலிடத்திலிருந்து சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் பேரணி நடத்தச் சொல்லி உத்தரவு வந்தது. ஏற்பாடு நான். பைக் ஷோரூமில் இருபது ஹெல்மெட் இரவல் வாங்கி, பள்ளிப் பிள்ளைகள் தலையில் மாட்டி, போட்டோ எடுத்து, பன்னிரண்டு மணிக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோஷம் போட்ட பிள்ளைகள் ஒரு வண்டிக்கு மூன்று பேராக ஏறி வீட்டுக்குப் போனார்கள். அறிக்கையில் கோகிலவாணி கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். நான் அவரைத் திமிர் பிடித்தவர் என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். அந்தப் போட்டோவில் பதாகையின் இடது முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் பூபதி.

மார்ச்சில் அவன் செத்துப்போனான். ஓடைப் பாலத்துத் திருப்பத்தில், எதிரே வந்த முட்டை வேனுக்கு ஒதுங்கி, கைப்பிடிச் சுவரில் மோதினான். தலையில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. பாதிப் பரீட்சை எழுதியிருந்தான். பால் சொசைட்டியில் தயிர் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் அதே பாலத்தில் அவன் கூட்டாளிகள் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டினார்கள். பத்தடி உயரம். அதில் பூபதி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, எந்த வண்டியில் செத்தானோ அதே வண்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கீழே முப்பது கூட்டாளிகளின் முகங்கள், அதிலும் பாதிப் பேர் பைக்கோடு. யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. இருந்ததிலேயே நல்ல போட்டோ அதுதான் என்றார்கள். கோகிலவாணி அதன் முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தி ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அவர் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தையை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஆகஸ்டில் புதுச் செய்தி ஒன்று வந்தது. இருபதாம் தேதி பூபதிக்குப் பதினாறாவது பிறந்தநாள். அன்று சாயங்காலம் பள்ளி விட்டதும், ஊரிலிருந்து பாலம் வரை பைக்கில் நினைவு ஊர்வலம். முப்பது வண்டிக்கு மேல். நொறுங்கிய வண்டியைப் பட்டறையில் கொடுத்துப் புதிதுபோல் ஆக்கிவிட்டார்கள். அதை ஓட்டிக்கொண்டு முன்னால் போகப்போவது பூபதியின் தம்பி மோகன்குமார். வயது பதினாலு.

அதைக் கேட்டதும் கோகிலவாணி செய்த காரியங்களை வரிசையாகச் சொல்கிறேன். காவல் நிலையத்துக்குப் போனார். சாவு வீட்டு விஷயம், தலையிட்டால் ஊரே திரண்டு வரும் என்று கையை விரித்தார்கள். எங்கள் மருத்துவ அலுவலரிடம் வந்தார். உங்கள் வேலை ஊசி போடுவது, அதை ஒழுங்காகப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார் அவர். நான் பக்கத்தில்தான் நின்று என் கொசுப்புழு அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடைசியாகப் பூபதியின் அம்மா சௌந்திரத்திடம் போனார். சின்னண்ணன் காரியம் முடிந்த கையோடு மறுபடி ரிக்குக்குப் போய்விட்டிருந்தார். சௌந்திரம் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"என்ற பையன் பேரச் சொல்றதுக்கு இந்த ஊருல அந்தப் பசங்க மட்டுந்தானுங்க இருக்கறாங்க. அதையும் புடுங்கறதுக்கு வந்தீங்களா?" என்று கேட்டார்.

கோகிலவாணிக்குக் கோபம் வந்தால் நிதானம் போய்விடும். "சின்னவனுக்கும் ஒரு ஃபிளெக்ஸ் இப்பவே அடிச்சு வெச்சுக்க" என்று சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து சௌந்திரம் அவர் முகத்தில் விழிப்பதில்லை. ஊரும் சௌந்திரத்தின் பக்கம் நின்றது, நானும் மனசுக்குள் அந்தப் பக்கம்தான்.

இருபதாம் தேதி புதன்கிழமை, தடுப்பூசி நாள். நாலு மணிக்கு வேலையை முடித்து, குளிர்பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, பதிவேடுகளை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் மாரியம்மன் கோயிலுக்கு நடந்தார். ஆடி நோம்பித் திருவிழாவுக்குக் கட்டிய மைக்செட்டை இன்னும் அவிழ்த்திருக்கவில்லை. மைக்செட்காரன் தங்கமுத்துவின் மகளுக்கு அவர்தான் பிரசவம் பார்த்தவர், அவனால் மறுக்க முடியவில்லை. எதிரே பிள்ளையார் கோயில் முன்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. முன்னால் மோகன்குமார். கால் முழுசாகத் தரையில் ஊன்றவில்லை, கட்டைவிரல்தான் எட்டியது. அவனுக்குக் கற்பூரம் சுற்ற சௌந்திரம் தட்டோடு நின்றார்.

மைக்கில் குரல் வந்தது. முதல் பெயர் பூபதியுடையது. "பூபதி. தகப்பனார் சின்னண்ணன். ரெண்டாயிரத்தி ஒம்பது ஆகஸ்ட் இருவது. முத்தடுப்பு மூணு தவணை, போலியோ, தட்டம்மை, எல்லாம் போட்டாச்சு. பதினஞ்சு வயசுல எறந்துட்டான்." அடுத்து ஃபிளெக்ஸில் முகம் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, போட்ட ஊசி, இன்றைக்கு என்ன வயது, பதினெட்டுக்கு இன்னும் எத்தனை மாதம். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. பையன்கள் ஹாரனை அழுத்தினார்கள், சைலன்சர் அலற ஆக்சிலேட்டரை முறுக்கினார்கள். அவர் சத்தத்தைக் கூட்டச் சொல்லி வாசித்துக்கொண்டே போனார். ஒருத்தன் வயரைப் பிடுங்க வந்தான். அவன் பெயரையும் தேதியையும் பதிவேட்டைப் பார்க்காமலே சொன்னார், அவன் நின்றுவிட்டான்.

பெற்ற பிள்ளையின் பெயர் மைக்கில் வந்தால் எந்த அம்மா வீட்டுக்குள் இருப்பாள்? மாவு அரைத்த கையோடும் தறியை நிறுத்திவிட்டும் வெளியே வந்தார்கள். என்னவோ ஏதோ என்று ஓடிவந்தவர்களுக்கு, முதலில் படித்த பெயர் பூபதி என்று தெரிந்ததும் முகம் மாறியது. அந்த வரிசையில் தன் பிள்ளையின் பெயரும் வருகிறதே என்ற பயம்தான் அது. இரண்டு மூன்று பேர் போய் வண்டிச் சாவியைப் பிடுங்கினார்கள். மற்றவர்கள் சௌந்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சௌந்திரம் தட்டைக் கீழே வைத்துவிட்டு நேராக மாரியம்மன் கோயிலுக்கு நடந்தார். அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். மைக் அணையவில்லை, அதனால் பேசியது ஊருக்கே கேட்டது.

"அத்தன ஊசியும் போட்டீங்களே. எதுக்குங்க ஆச்சு?"

"பெரியவனுக்கு ஒண்ணுக்கும் ஆகல, சௌந்திரம். சின்னவனுக்காவது ஆகட்டும்."

சௌந்திரம் அழவில்லை. "உங்கள நான் மன்னிக்க மாட்டேனுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். மோகன்குமாரிடம் போய், வண்டியை அணைத்து, சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். "எறங்கித் தள்ளிட்டு நட சாமி. உங்கண்ணன் நெனப்புக்கு அது போதும்" என்றார்.

அப்புறம் ஊர்வலம் நடக்கத்தான் செய்தது. முப்பத்தோரு வண்டிகள், எல்லாம் என்ஜின் அணைந்து, ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே. பாதி வழியில் மோகன்குமாரால் தள்ள முடியவில்லை, அவன் அம்மா பின்னாலிருந்து கைகொடுத்தார். குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் கடைசிவரை நடந்தேன். கோகிலவாணி வரவில்லை. மிச்சப் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

ஊர் திருந்திவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். பையன்கள் இப்போதும் ஓட்டுகிறார்கள். துணை நிலையத்துக்கு முன்னால் மட்டும் இறங்கித் தள்ளி, திருப்பம் தாண்டியதும் ஏறிக்கொள்கிறார்கள். ஃபிளெக்ஸ் வெயிலில் வெளுத்து அங்கேயே கிடக்கிறது. ஆனால் மோகன்குமார் பஸ்ஸில் போகிறான். இன்னும் ஆறேழு வீடுகளில் சாவி அம்மாக்களின் முந்தானைக்குப் போய்விட்டது. சௌந்திரம் சொன்ன சொல்லை மாற்றவில்லை. கோகிலவாணியோடு இன்றுவரை பேச்சு இல்லை.

பத்து நாள் கழித்து மெமோ வந்தது. குழந்தைகளின் விவரங்களை அனுமதியின்றி ஒலிபெருக்கியில் வாசித்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். பதில் வாங்கி வரும் வேலை என் தலையில் விழுந்தது. வருத்தம் தெரிவித்து இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் விஷயம் இத்தோடு முடிந்துவிடும் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். இரண்டு வரிதான் எழுதினார். வாசித்தது உண்மை, வருத்தம் இல்லை. இந்தப் பதிவேட்டில் உள்ள கடைசிக் குழந்தைக்குப் பதினெட்டு வயது முடியும்வரை வாசிப்பேன்.

பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். கடைசிக் குழந்தைக்கு அன்று வயது நாற்பத்தாறு நாள். நீங்கள் ஓய்வு பெறவே இன்னும் பத்து வருடம்தானே இருக்கிறது என்றேன்.

"ஓய்வு பெத்தா வாய் போயிருமாங்க?" என்று கேட்டார்.

சாட்சி என்று போட்டிருந்த இடத்தில் நான் கையெழுத்திட்டு மேலே அனுப்பினேன்.