மூன்று ஷிஃப்டில் காய்ந்த நெல்

பங்குனி மாதத்தில் எங்கள் ஊரில் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது, வெயில் மட்டும்தான். குடையைத் துடைத்துப் பரணில் போட்டிருப்போம். கொடியில் போட்ட பேன்ட், ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் காய்ந்து மொடமொடவென்று நிற்கும். ரோட்டோரத்தில் தர்பூசணிக் கடை போட்டுவிடுவார்கள்.

அந்த ஒரு வருஷம் மட்டும் பங்குனியில் மழை பிடித்துக்கொண்டது. கோடையில் இடி இடித்து அரை மணி நேரம் கொட்டிவிட்டுப் போகிற மழையை எங்களுக்குத் தெரியும். அது வந்தால் சந்தோஷம்தான். இது அப்படியில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மாதிரி நசநசவென்று பெய்தது. நின்றாலும் மேகம் கலையவில்லை. தர்பூசணிக்காரர் பழங்களின் மேல் சாக்கை மூடிவிட்டு டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகள் தலையில் பாலிதீன் கவரை மாட்டிக்கொண்டு நின்றார்கள். மாம்பூ எல்லாம் உதிர்ந்து தரையோடு ஒட்டிக் கிடந்தது.

எங்கள் ஊர் இருங்காட்டுக்கோட்டைக்குப் பின்னால் இருக்கிறது. கார் கம்பெனியும், அதற்குப் பாகங்கள் செய்து தருகிற கம்பெனிகளும் வந்த பிறகு, வீட்டுக்குப் பின்பக்கம் வரிசையாக ரூம்கள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தேன். எல்லோரும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள். ஐ.டி.ஐ. படித்துவிட்டு வந்தவர்கள். அந்த ரூம்களில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பாயில் இரண்டு மூன்று பேர் படுப்பார்கள், ஆனால் ஒரே நேரத்தில் இல்லை. முதல் ஷிஃப்டுக்குப் போகிறவன் எழுந்த பாயில், நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவன் விழுவான். அவன் எழுந்து போனால் அடுத்தவன். ஃபேன் மட்டும் யாருக்கும் லீவு கொடுக்காமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

பக்கத்து வீடு என் அண்ணியுடையது. அண்ணன் போன பிறகு ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த நிலத்தை அண்ணியே பார்த்துக்கொண்டார். சுற்றியிருந்த நிலமெல்லாம் கம்பெனிக்கும் பிளாட்டுக்கும் போய்விட்டது. என் பங்கை நானும் விற்றுத்தான் ரூம் கட்டினேன். அண்ணி விற்கவில்லை. அதற்காக யாரையும் குறை சொல்லவும் இல்லை. "எனக்கு இதுதான் தெரியும், செய்யறேன்" என்பார், அவ்வளவுதான்.

அந்த வைகாசியில் அவர் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீடு வாலாஜாபாத். நிச்சயத்துக்கு வந்தபோது மாப்பிள்ளையின் அப்பா சாப்பிட்டுக்கொண்டே விளையாட்டாகச் சொன்னார்: "உங்க ஊரு இப்ப கம்பெனி ஊரு. கல்யாணத்துக்குக் கடை அரிசிதான் வாங்கணும், இல்லீங்களா?"

அண்ணி சட்டென்று சொல்லிவிட்டார்: "இல்லீங்க சம்பந்தி. எங்க நெல்லு பங்குனியில அறுப்புக்கு வந்துடும். கல்யாணச் சோறு எங்க நெலத்துச் சோறுதான்."

எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அன்றிலிருந்து அந்தப் பயிர் வெறும் பயிராக இல்லை. தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள்கூட அதைக் "கல்யாணச் சோறு" என்றே சொல்ல ஆரம்பித்தார்கள்.

நெல் நன்றாகத்தான் விளைந்தது. அறுத்து அடித்து, தொழிற்பேட்டை ரோட்டில் கொண்டுபோய்க் கொட்டினோம். இன்னும் கம்பெனி வராத மனைகளுக்குப் போகிற சிமென்ட் ரோடு அது. அகலமாக, பாயை விரித்த மாதிரி இருக்கும். வண்டி எதுவும் வராது. களம் மெழுக வேண்டாம், கல் பொறுக்க வேண்டாம். நாலைந்து வருஷமாக ஊரில் மிச்சமிருந்த விவசாயிகளுக்கெல்லாம் அதுதான் களம். கம்பெனி வந்ததில் நமக்கும் ஒரு லாபம் என்று சொல்லிக்கொள்வோம்.

மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்தபோது நெல்லைக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, ஓரமெல்லாம் கல் வைத்தோம். ராத்திரி முழுக்க மழை. தார்ப்பாய் நல்ல தார்ப்பாய், ஒரு ஓட்டை கிடையாது. அதனால் எனக்குக் கவலை இல்லை.

காலையில் போய்ப் பார்த்தபோதுதான் செய்த தப்பு புரிந்தது. மண் களமாக இருந்தால் குவியலைச் சுற்றி மண்வெட்டியால் வாய்க்கால் எடுத்துவிடுவோம். சிமென்ட் ரோட்டில் மண்வெட்டி எங்கே இறங்கும்? அது வேண்டியிருக்கும் என்று பங்குனி மாதத்தில் யாருக்குத் தோன்றும்? மேட்டிலிருந்து வந்த தண்ணீர், ரோடு ஒரு சொட்டைக்கூடக் குடிக்காததால், அப்படியே வழிந்து தார்ப்பாய்க்கு அடியில் புகுந்து போயிருந்தது. மேலே நெல் சலசலவென்று காய்ந்திருந்தது. அடியில் கையை விட்டேன். ஈரம். அதோடு வெதுவெதுப்பாக ஒரு சூடு. குவியலில் அந்தச் சூடு வந்துவிட்டால் முளை கிளம்பப் போகிறது என்று அர்த்தம்.

அண்ணியும் கையை விட்டுப் பார்த்தார். கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன்.

"மேல கீறது கெடல. அத்த மொதல்ல தனியா வாரிடு" என்றார்.

"அடியில இருக்கறது?"

"காய வைக்கணும்."

"எங்க அண்ணி? வெயிலே இல்லையே."

"வெயிலு இல்லன்னா காத்து. ஒன் ரூமுங்கள்ல ஃபேன் சும்மாதானே சுத்தினு கீது? போய்க் கேளு தம்பி."

போய்க் கேள் என்பது அண்ணிக்குச் சின்ன வார்த்தை. எனக்கு அப்படியில்லை. ரூம் பிள்ளைகளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என் மனைவியைத்தான் அனுப்புவேன். அவள் அன்று தாய் வீட்டில் இருந்தாள். முதல் ரூம் வாசலில் போய் நின்றேன். உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, ஈர யூனிஃபார்ம்களை ஃபேனுக்கு நேராகத் தொங்கவிட்டிருந்தார்கள். மழையில் அவர்களுக்கும் அந்த ஃபேன்தான் வெயில். இதைப் பார்த்துவிட்டு எப்படிக் கேட்பது? செருப்பைக் கழற்றினேன், மறுபடி போட்டுக்கொண்டேன்.

திருநெல்வேலிப் பையன் ஒருவன் பல் தேய்த்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன அண்ணாச்சி, அப்பயிலருந்து வாசல்லயே நிக்கீய? ரூம காலி பண்ணச் சொல்லுதீயளோ?"

"அய்யோ, அதில்லப்பா. நெல்லு நனைஞ்சு போச்சு. அண்ணியோட நெல்லு..."

அவன் வாயைக் கொப்பளித்துத் துப்பினான். "கல்யாண நெல்லா? சூடு வந்துட்டா?"

"வந்துடுச்சு."

"ஏல, எந்திரிங்கல!" என்று உள்ளே பார்த்துக் கத்தினான். "பாயச் சுருட்டுங்கல. நெல்லு வருது!"

நைட் ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் படுத்த ஒருவன் போர்வைக்குள்ளிருந்து, "நெல்லு வந்தா நா எங்கல படுக்க?" என்றான்.

"நெல்லு மேல படு. ஒங்க ஊர்ல படுத்ததே இல்லியோ? பெரிய கலெக்டர் மவன்."

அதற்குப் பிறகு நான் பேச வேண்டியிருக்கவில்லை. ஈர யூனிஃபார்ம்களை அவிழ்த்து வராந்தாக் கொடிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது காயாது என்று அவர்களுக்கும் தெரியும். "உடம்புச் சூட்டுல காஞ்சிரும் அண்ணாச்சி" என்று ஈரச் சட்டையையே மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போனார்கள். அந்தக் குளிரில், அந்தச் சட்டையோடு பஸ் ஜன்னலோரம் அவர்கள் உட்கார்ந்து போனது இப்போது நினைத்தாலும் எனக்கு என்னவோ செய்கிறது.

நெல்லைச் சாக்கில் கட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவந்து, ரூம் ரூமாக மெல்லிசாகப் பரப்பினோம். ஆனால் எல்லா ரூமும் கிடைக்கவில்லை. கடைசி ரூம் பிள்ளைகள் கம்பெனியில் காருக்குப் பெயின்ட் அடிக்கிற பெயின்ட் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள். அதில் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து சொன்னான். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. எங்க சட்டையில நெல்லுத் தூசி, ஒரு சுணை ஒட்டியிருந்தாலும் பெயின்ட்ல போய் உக்காந்துக்கும். வண்டி திரும்பி வந்துடும். உள்ளயே விட மாட்டாங்க." அவன் சொன்னது நியாயம். சொல்லிவிட்டு அவன் போகவில்லை. தன் சம்பளத்தில் வாங்கிய டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து பக்கத்து ரூம் நெல்லுக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனான்.

மற்ற ரூம்களில் ஷிஃப்ட் கணக்குப்படியே நெல்லும் இடம் மாறியது. முதல் ஷிஃப்ட் ஆட்கள் போன ரூமில் நெல் முழுத்தரைக்கும் விரியும். அவர்கள் திரும்பி வந்தால் ஓரமாக ஒதுங்கும். அதற்குள் இரண்டாம் ஷிஃப்ட் ஆட்கள் கிளம்பியிருப்பார்கள், கொஞ்சம் அங்கே போகும். இந்த ஏற்பாட்டைச் செய்தது அண்ணிதான். யார் எந்த ஷிஃப்ட், யாருக்கு எப்போது வார லீவு என்று ஒரே நாளில் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. பிள்ளைகள் அவரை "சூப்பர்வைசர் அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

"யக்கா, இந்த நெல்லு ரெண்டு ஷிஃப்டா ஓ.டி. பாக்குது. பாவம், ரெஸ்ட் குடுங்க."

"நீ மொதல்ல கால ஆட்டு. பேசிகினே நிக்கிறான் பாரு."

காலை ஆட்டுவது என்றால் நெல்லைத் துழாவுவது. பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடந்தால், அடியில் இருப்பது மேலே வரும். தெற்கத்திப் பிள்ளைகளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்கள். தூக்கத்தில்தான் கஷ்டப்பட்டார்கள். சுணை கழுத்தெல்லாம் அரித்தது. சொறிந்து சொறிந்து சிவந்த கழுத்தோடு வேலைக்குப் போன ஒருவனை, அம்மை போட்டிருக்கிறதா என்று லைன் சூப்பர்வைசர் தள்ளி நிறுத்திக் கேட்டாராம். நெல்லு என்றானாம். அவர் நம்பவில்லையாம். சாக்ஸைக் கழற்றி உதறிக் காட்டியிருக்கிறான்.

நடுவில் ஒரு நாள் காற்றடித்து எங்கேயோ கம்பி அறுந்து, காலையில் போன கரண்ட் சாயங்காலம் வரை வரவில்லை. நெல் இன்னும் முக்கால் பதம்கூட வரவில்லை. அன்றைக்குத்தான் அண்ணி முகத்தில் பயத்தைப் பார்த்தேன். ஒரு ரூமில் ஆரம்பித்துக் கடைசி வரைக்கும் காலால் துழாவிக்கொண்டே போனார். முடிந்ததும் மறுபடி முதல் ரூமுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் கல்யாணப் பெண். அவளுக்குப் பின்னால் நான். வார லீவில் இருந்த பிள்ளைகள் அட்டைப் பெட்டியைக் கிழித்து விசிறினார்கள். கரண்ட் வந்து எல்லா ஃபேனும் ஒன்றாகச் சுற்ற ஆரம்பித்தபோது, பிள்ளைகள் மேட்ச் ஜெயித்ததுபோல விசில் அடித்தார்கள். அண்ணி அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அதற்கடுத்த நாளும் மேகம்தான். அதற்குப் பிறகு ஒரு நாள் எதுவுமே நடக்காதது மாதிரி வெயில் வந்தது. பங்குனி வெயில், சுள்ளென்று. நெல்லை மொட்டை மாடியில் போட்டு மிச்ச ஈரத்தை எடுத்தோம். அண்ணி ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தார். நறுக்கென்று உடைந்தது. "மெஷினுக்குப் போவலாம்" என்றார்.

ரைஸ் மில்லில் நனையாத நெல்லையும் நனைந்ததையும் தனித்தனியாக அரைத்தோம். நனைந்தது கொஞ்சம் பழுப்பாக வந்தது. உடைந்த நொய்யும் அதிகம். வடித்துப் பார்த்தால் வாடை எதுவும் இல்லை. இருந்தாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. வெள்ளை அரிசியை மாப்பிள்ளை வீட்டுப் பந்திக்கும், மற்றதை நம் ஆட்களுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"அவங்களுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணா? சோத்துல அது வாணாம் தம்பி" என்று அண்ணி இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டார். எனக்குத் துணிச்சல் வராத இடத்திலெல்லாம் அவருக்கு அது சாதாரணமாக வந்தது.

கல்யாணத்தன்று சம்பந்தி இலை முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பார்த்தார். அண்ணியே போய்ச் சொல்லிவிட்டார். "மழையில நனைஞ்ச நெல்லு சம்பந்தி. எங்க ரூம் புள்ளைங்க ஃபேன் போட்டுக் காய வச்சிக் குடுத்தாங்க. பாதி அந்தச் சோறு."

அவர் பருப்போடு பிசைந்து ஒரு வாய் போட்டார். மெதுவாக மென்றார். அண்ணி அங்கேயே நின்றார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

"நொய் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். பிறகு, "ருசி கெடல. குழம்பு ஊத்தச் சொல்லுங்க" என்றார்.

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்ததை எழுத எனக்குப் படிப்புப் போதாது.

முதல் ஷிஃப்ட் முடித்து ரூம் பிள்ளைகள் யூனிஃபார்மோடு வந்து சேர்ந்தபோது பந்தி எல்லாம் முடிந்து, சமையல்காரர்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கென்று எடுத்து வைத்திருந்ததை அண்ணி தானே பரிமாறினார்.

"யக்கா, இது எங்க ரூம்ல காஞ்ச நெல்லா, பக்கத்து ரூம் நெல்லா?" என்று திருநெல்வேலிப் பையன் கேட்டான்.

"துன்னு பாத்து நீயே சொல்லு."

அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கவளம் மென்றான். "எங்க ரூமுதான் யக்கா. சாக்ஸ் வாசன அடிக்கி."

வரிசை முழுக்கச் சிரிப்பு. அண்ணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவன் போதும் என்று கையை மறிப்பதற்குள் இன்னும் இரண்டு கரண்டி சோற்றை இலையில் வைத்தார். அவன் மறிக்கவும் இல்லை.