ஏழாம் நம்பர் கோட்டு

பண்டாரவளைத் தையல் கடையில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, கோட்டுக் காலரின் உட்புறம் சிவப்பு நூலால் நம்பர் போடுவது. வெள்ளைக்காரத் துரைமார் கிளப்பில் டிரே தூக்கும் பேரர்களுக்கான கோட்டுகள் அவை. வெள்ளை டிரில் துணி, பித்தளைப் பொத்தான், கைமடிப்பில் பச்சைப் பைப்பிங் கரை. ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு இழுப்பது என் பழக்கம்.

சில வருஷம் கழித்து, பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி, துண்டில் சுற்றிய கோட்டுப் பொட்டலத்தோடு கடைக்கு வந்தார். என் அம்மா தேயிலைக் கொழுந்து பறித்த தோட்டம். விசேஷ நாட்களில் அவர் அந்தக் கோட்டை மாட்டி நடந்தால் லயத்து வீடுகளில் இருக்கும் ஆட்கள் பாதையை விட்டு இறங்கி நிற்க வேண்டும். ஒருநாள் கூடைச் சுமையோடு வந்த அம்மா இறங்கவில்லை. அன்று முழுநாள் வேலைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான் போட்டார்.

"மக கல்யாணம் தம்பி. வயித்துப் பக்கம் புடிக்குது, தளத்திக் குடு. பெரிய துரை சீமைக்குப் போறப்ப அவரு கையாலேயே குடுத்தது" என்றவர், காலரைத் திருப்பிக் காட்டினார். "இந்த நம்பரப் பாத்தியா? லண்டன் டேலர் போட்டது. அங்க ஒவ்வொரு துரைக்கும் ஒரு நம்பராம்."

என்னுடைய ஏழு, குறுக்குக் கோட்டோடு. பெரிய துரைதான் அப்போது கிளப்புக்குச் செக்ரட்டரி. பேரர் கோட்டொன்றைக் கங்காணி தலையில் கட்டிவிட்டுக் கப்பல் ஏறியிருக்கிறார். கிளப் வாசலைத் தாண்டாத கங்காணிக்கு, உள்ளே யார் எதை உடுத்துகிறார்கள் என்று எப்படித் தெரியும்?

"சம்பந்தி எந்த ஊருங்க?" என்றேன்.

"தெமோதரை. லேசுப்பட்ட ஆளு இல்ல. துரைமாரோட கிளப்புல பெரிய உத்தியோகம்னு தரகர் சொன்னாரு."

எனக்கு விளங்கிவிட்டது. அந்தக் கிளப்பில் தெமோதரைக்காரர் ஒருவர்தான், ஹெட் பேரர். ஒன்றாம் நம்பர் கோட்டு.

கங்காணி போனதும் கடை முதலாளி காசிமிடம் சொன்னேன். "அவருக்கிட்டச் சொல்லிப் போடு தம்பி. பொத்தானையும் பைப்பிங்கையும் மாத்திட்டா ஒருத்தருக்கும் தெரியாது" என்றார்.

நான் சொல்லவில்லை, மாற்றவுமில்லை. அரைப்பேர் மனதில் இருந்தது. பொத்தான்களைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக் கொடுத்தேன். கல்யாணத்துக்கும் தவறாமல் போனேன்.

பந்தலில் கங்காணி அந்தக் கோட்டோடு கும்பிட்டபடி நின்றார். வந்த சம்பந்தி அணைக்கப் போய், பொத்தானைப் பார்த்து நின்றுவிட்டார். அவராகவே காலரைத் திருப்பினார்.

"ஏழு. டிரே தூக்குற சின்னசாமி கோட்டு. இதக் காணோம்னுதான் செக்ரட்டரி துரை அவன வேலைய விட்டு நிப்பாட்டினாரு. உங்ககிட்ட எப்படிங்க வந்திச்சு?"

கேள்வியில் கள்ளமில்லை. கங்காணி காலரை மடித்துவிடப் பார்த்தார். பெண்கள் பக்கத்தில் ஆரம்பித்த சிரிப்பு பந்தல் முழுக்கப் பரவியது. நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். இதற்காகத்தானே பஸ் ஏறி வந்தேன்.

காலரில் நம்பர் போடுவது நான் என்று தெரிந்த அம்மா சிரிக்கவில்லை. மணவறையைக் காட்டி, "அந்தப் புள்ள உனக்கு என்னடா செஞ்சிச்சு?" என்று மட்டும் கேட்டாள். கூறைச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கங்காணி கோட்டைக் கழற்றிச் சுருட்டிவிட்டு வெறும் பெனியனோடு நின்றார். தாலி கட்டி முடிந்தது.

மறுவாரம் அவர் கடைக்கு வந்தார். அடிப்பார் என்று கத்தரிக்கோலை எட்ட வைத்தேன். அவரோ பக்கத்தில் உட்கார்ந்து, "லண்டன் தையல்னு உன்னையும் நம்ப வச்சிட்டேனே தம்பி. அந்தத் துரை நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திப்புட்டான் பாரு" என்றார்.

"ஆமாங்க" என்றேன். அந்த ஏழு நான் போட்டதென்று அன்றைக்கும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் ஒரு துணியைப் பற்றித் தெரிந்ததை அளவெடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.