அடையாற்றுப் போரின் சிப்பாய்கள்

என் கணவர் கோடம்பாக்கத்தில் மேக்கப் போடுகிறவர். ஷூட்டிங் இல்லாத நாட்களில் மரத்தில் செதுக்கிய செஸ் காய்களுக்கு வண்ணம் தீட்டி, பழைய போர்களின் படைகளாக மாற்றுவார். கேட்பவர்களுக்கு விற்பார்.

போன வருடம், கொட்டிவாக்கத்தில் விருந்தினர் விடுதி நடத்தும் ஒருவர் அடையாற்றுப் போர் வேண்டும் என்றார். பிரெஞ்சுக்காரர்கள் ஆற்றைக் கடந்து வந்து ஆற்காட்டு நவாபின் பெரிய படையைத் தோற்கடித்த போர் அது. நான் சாந்தோமில் ஒரு பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். அதனால் விவரமெல்லாம் என்னிடம்தான் கேட்பார்.

பிரெஞ்சுப் பக்கத்துச் சிப்பாய்கள் எட்டு பேருக்கும் ரோஸ் நிற முகம் போட்டு முடித்திருந்தார். அந்தப் படையில் பாதிக்கு மேல் நம் ஆட்கள், சம்பளத்துக்குச் சேர்ந்தவர்கள் என்றேன்.

"அப்போ ரெண்டு பக்கமும் ஒரே மூஞ்சியா?"

"மூஞ்சி மட்டுமில்ல, துணிமணியும்தான்."

ஐந்து முகங்களைத் துடைத்துவிட்டு மாநிறம் பூசினார். தலைப்பாகை கட்டினார். ஆற்றில் இறங்கி வந்தவர்கள் ஆயிற்றே என்று அவர்களுடைய இடுப்புக்குக் கீழே துணியை ஈரமாகக் காட்டினார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

கொடுத்த மறுவாரமே விடுதிக்காரர் ஃபோன் செய்தார். எது யார் காய் என்று தெரியாமல் விருந்தினர்கள் தங்கள் சிப்பாயைத் தாங்களே வெட்டுகிறார்களாம். கீழ்ப்பாதியில் பெயின்ட் வேறு மங்கியிருக்கிறதாம். எட்டையும் ரோஸாக்கித் தர முடியுமா என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. நடந்ததை மாற்றிக் காட்டாதீர்கள் என்று இவரிடம் சொன்னேன்.

"அவரு ஆடத்தானே வாங்கினாரு? ஆட முடியலன்னா இன்னாத்துக்கு அது?" என்றார். படப்பிடிப்பில் ஒரு நாளைக்கு நாலு முறை முகத்தை அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்வார்கள். அதற்கெல்லாம் வருத்தப்பட்டால் வேலை பார்க்க முடியாது என்றும் சொன்னார். வருத்தப்பட்டவராகத் தெரியவும் இல்லை. துடைத்த காய்களையே மறுபடி துடைக்க மனம் வரவில்லை என்று மட்டும் சொல்லி, புதிதாக ஒரு செட் செய்து கொடுத்தார். பழையதை வீட்டுக்கு எடுத்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அதில்தான் ஆடுகிறோம். நானும் ஒருமுறை என் சிப்பாயையே வெட்டியிருக்கிறேன்.

சென்ற மாதம் அந்த விடுதிக்குப் போக நேர்ந்தது. கூடத்தில் ஒரு கணவனும் மனைவியும் புது செட்டில் வேகமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். நவாப் பக்கம் ஆடிய அந்தப் பெண் ஜெயித்தாள். இருவரும் எழுந்து கடற்கரைக்குப் போனார்கள்.