மூன்றாம் தூணில் விரிசல் இல்லை

கப்பல்கள் வந்து நிற்கும் அந்த ஜெட்டித் துறையின் தூண்களை நான் அதுவரை நேரில் பார்த்ததில்லை. டைவர் அண்ணன் தண்ணீருக்கு அடியில் எடுத்துவரும் படங்களில்தான் அவை எனக்குப் பழக்கம். சிங்கப்பூர் ஜூரோங்கில் எங்கள் சின்ன அலுவலகத்தில் என் வேலை அந்தப் படங்களைக் கணினியில் ஒன்றோடொன்று பொருத்தி, ஒவ்வொரு தூணையும் முப்பரிமாண உருவமாக எழுப்புவது. ஒரு படத்தில் உள்ளது அடுத்த படத்திலும் கொஞ்சம் தெரிந்தால் மென்பொருள் இரண்டையும் சேர்த்துவிடும். இங்கே கடலில் அது லேசில் நடக்காது. பச்சைக் கலங்கலில் ஒரு கை நீளத்துக்கு மேல் எதுவும் தெரியாது. விளக்கு வெளிச்சத்தில் மிதக்கும் தூசியைத் தூண் என்று நினைத்துக்கொண்டு மென்பொருள் தடுமாறும்.

அதனால் எண் போட்ட அட்டைகளைத் தூண்களில் கட்டச் சொல்வேன். எந்தப் படம் எந்தத் தூணுடையது என்று அட்டை எண்ணை வைத்துத்தான் பிரிப்போம். அந்த அட்டைகளை அச்சடித்துக் கொடுப்பதும் நான்தான்.

அன்று காலை மூன்றாம் தூணின் படங்கள் இரண்டு துண்டாகவே நின்றன. எத்தனை முறை ஓட்டியும் சேரவில்லை. பிற்பகல் அந்த ஜெட்டிக்கு ஒரு கப்பல் வரவிருந்தது. அதற்குள் நாங்கள் அறிக்கை கொடுக்கவேண்டும். பாஸ் இரண்டு முறை வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிட்டுப் போனார். தூசி மண்டிய படங்களை நீக்கிப் பார்த்தேன். வெளிச்சத்தைச் சரிசெய்து பார்த்தேன். கடைசியில், அட்டை எண்களை மட்டும் நம்பிச் சேர்க்கும்படி கட்டாயப்படுத்தினேன். பதினொரு மணிக்குச் சேர்ந்துவிட்டது. தூணின் அடியில், சேற்றுக்குச் சற்று மேலே, சாய்வாக ஒரு விரிசல்.

பாஸ் உடனே ஜெட்டிக்குப் போன் போட்டார். கப்பல் மூன்றாம் தூண் பக்கம் வரவேண்டாம், ஐந்தாம் தூண் பக்கம் கட்டட்டும் என்று முடிவானது. விரிசலை அளக்க டைவர் அண்ணன் மறுபடி இறங்கினார். அவர் தலைக்கவசத்தில் பேசுகிற கருவி உண்டு. மேலே ஜெட்டியில் இருந்த மேற்பார்வையாளர் என்னை அழைத்து, தன் போனை அதன் ஸ்பீக்கர் அருகே பிடித்திருந்தார்.

"இங்க ஒண்ணும் இல்லம்மா. சுரண்டிப் பார்த்துட்டேன்" என்றார் அண்ணன். மூச்சு இரைந்தது.

"இன்னும் கீழ பாருங்கண்ணே. மாடல்ல தெளிவா தெரியுது."

"சேத்துக்குள்ள கை விட்டே பார்த்துட்டேன்."

"சுத்தி வந்து பாருங்க."

அவர் தூணைச் சுற்றத் தொடங்கினார். மூச்சுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பதினைந்து வருடம் கடலுக்குள் வேலை செய்தவருடைய கையைவிட என் திரையை நம்பித்தான் அப்படிப் பேசினேன்.

ஆனாலும் உருவத்தை மறுபடி சுழற்றிப் பார்த்தேன். துருப் பிடிக்காமல் இருக்க ஒவ்வொரு தூணிலும் ஒரு துத்தநாகக் கட்டி பற்றவைத்திருப்பார்கள். ஒன்றே ஒன்று. என் திரையில் மூன்றாம் தூணுக்கு இரண்டு இருந்தன.

நான் அச்சடித்த அட்டைகளின் கோப்பைத் திறந்தேன். ஒரே எண் இரண்டு பக்கங்களில் இருந்தது. ஒன்று மூன்றாம் தூணுக்குப் போயிருக்கிறது, இன்னொன்று எதற்கு? படங்கள் எடுத்த நேரத்தைப் பார்த்தேன். நடுவில் அரை மணி நேரம் படமே இல்லை. அண்ணன் காற்று சிலிண்டர் மாற்ற மேலே வந்த நேரம் அது. அன்றைய குறிப்பேட்டின்படி, திரும்ப இறங்கி அவர் எடுத்தது ஐந்தாம் தூண். விரிசல் தெரிந்த படங்கள் எல்லாமே அதற்குப் பிறகு எடுத்தவை. காலை முழுக்க மென்பொருள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, இவை இரண்டும் வேறு வேறு என்று. நான்தான் கேட்கவில்லை.

பாஸ் அறைக்கு ஓடினேன்.

"கப்பலை நிறுத்தச் சொல்லுங்க பாஸ். விரிசல் அஞ்சாவதுல இருக்கு."

"ஷுவரா?"

"நூறு பர்சன்ட் தெரியல. ஆனா மூணாவதுல இல்ல."

"கப்பல் கிளம்பிடுச்சு லா. என்ன சொல்லி நிறுத்தறது?"

"நான் அட்டையைத் தப்பா அடிச்சுட்டேன்னு சொல்லுங்க."

அவர் என்னை ஒரு நொடி பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். கப்பல் வெளியே நின்றுவிட்டது என்று தகவல் வந்த பிறகுதான் அண்ணனை ஐந்தாம் தூணுக்குப் போகச் சொன்னோம். ஏழெட்டு நிமிடம் இருக்கும். நான் உட்காரவில்லை. அங்கேயும் ஒன்றும் இல்லாவிட்டால் என் பேச்சை இனி யார் கேட்பார்கள் என்றுகூட நினைத்தேன். அப்போது போய் அதை நினைத்தேன் என்பது இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஸ்பீக்கர் கரகரத்தது. "இருக்கு. விரல் நுனி உள்ள போகுது."

கப்பல் வேறு துறைக்குப் போனது. என்ன நடந்தது என்று அறிக்கையில் என் கையாலேயே எழுதினேன். பாஸ் ஒரு சொல்லையும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கிராஞ்சி தொழிலாளர் விடுதியிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு வந்திருந்தார். போன் செய்து, தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு கடையில் சந்தித்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் டீயைத் தொடாமலே தள்ளிவைத்தார்.

"மூணாவது தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, என் கை தப்பு, என் கண்ணு தப்புன்னு தேடிக்கிட்டு இருந்தேன்மா. உடைஞ்சது என் முதுகுக்குப் பின்னால நின்னுச்சு."

"தப்புதான்ணே."

"அட்டையைத் தப்பா அடிச்சதைச் சொல்லல. நான் இல்லன்னு சொன்னப்ப நீங்க கேக்கல பாருங்க, அதைச் சொல்றேன்."

டீ ஆறிவிட்டது என்று அவருக்கு வேறு வாங்கிவரப் போனேன். திரும்பியபோது அவர் கேட்டார், "அடுத்த தடவை அட்டை கட்டும்போது படகுக்கு வர்றீங்களா?"

"வர்றேன்" என்றேன்.

போனேன். அலையில் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். ஒவ்வொரு அட்டையின் எண்ணையும் உரக்கப் படித்து அவர் கையில் கொடுத்தேன். அவரும் அதைத் திருப்பிப் படித்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்கினார்.