தும்புத்தடியோடு படுத்த விதம்

பள்ளிக்கூடத்துக் கடெற் அணியில் மூன்று வருடம் துவக்குச் சுட்டவன் நான். தூரத்துக் குறிக்குக் கண்ணைவிட உடம்புதான் முக்கியம் என்று பழக்கினார்கள். இடது முழங்கை துவக்குக்கு நேர் கீழே, கன்னம் துவக்கின் கட்டையில் அதே இடத்தில், மூச்சைப் பாதி விட்டு நிறுத்த வேண்டும். நூறு தரம் படுத்தாலும் ஒரே கிடை. பெரிய வீரன் என்ற நினைப்பு எனக்கு! செட்டிபாளையத்து வாவிக்கரை மணலில் துவக்குக்குப் பதிலாகத் துடுப்பைக் கொடுத்து மச்சானையும் படுக்கவைத்தேன். என் மனைவியின் அண்ணன் அவன், மீன்பிடிகாரன், துவக்கைத் தொட்டே அறியாதவன். கன்னம் கொஞ்சம் விலகினாலும் விடமாட்டேன். "மறுகா படு" என்று திரும்பத் திரும்பச் சொல்வேன். சிரித்துக்கொண்டே படுப்பான்.

சண்டைக் காலத்தில் ஒருநாள் ஆமி ஊரைச் சுற்றிவளைத்து, ஆம்பிளைகளைப் பள்ளி மைதானத்தில் இருத்தியது. வாசலில் லொறி நின்றது. ஒரு அதிகாரி வகுப்பறையிலிருந்து கூட்டுகிற தும்புத்தடியை எடுப்பித்து, ஒவ்வொருவரிடமும் நீட்டினான். "படு. சுடு."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஒழுங்காகப் படுக்கிறவன் இயக்கத்தில் பயிற்சி எடுத்தவன், அவனைத்தான் தேடுகிறார்கள். வேலிக்கு வெளியே என் மனைவி எட்டு மாத வயிற்றோடு நின்றாள்.

என் முறை வந்தது. நாசமாய்ப் போன உடம்பு! நிலத்தில் விழுந்ததும் கால் தானாக விரிகிறது, முழங்கை தானாகக் கீழே போகிறது. கையை இழுத்து அகட்டினேன். தடியை நெஞ்சில் வைத்தேன். தலையைக் கோழிபோல் தூக்கினேன். அவன் பூட்ஸால் என் விலாவைத் தட்டி, "போ" என்றான்.

அடுத்தது மச்சான். பக்கத்தில் ஆமிக்காரன் நின்றதால் வாய் திறக்க முடியவில்லை. கண்ணைக் காட்டினேன், அவனுக்கு விளங்கவில்லை. நான் பயத்தில் எல்லாம் மறந்துபோனேன் என்றும், சொன்னதைச் சரியாகச் செய்தால் விடுவார்கள் என்றும் நினைத்திருப்பான், பாவி.

மெதுவாகப் படுத்தான். முழங்கை நேர் கீழே. கன்னம் அதே இடத்தில். மூச்சுக்கூடப் பாதியில் நின்றது. ஐயோ, ஒரு பிழை இல்லை!

'நான்தான் பழக்கினன்' என்பது தொண்டைவரை வந்தது. வேலியைப் பார்த்தேன். விழுங்கிவிட்டேன்.

லொறிக்கு இழுத்துப்போகும்போது என் பக்கம் கிறுகிக் கேட்டான்: "மச்சான், சரியாத்தானே படுத்தன்?"

தெரியாதவன்போல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே மனைவி என் சட்டையைப் பிடித்தாள். "அண்ணன் எங்க? பிறகு விடுவாங்களா?"

"ஓம், விடுவாங்க" என்றேன்.

அவன் வரவேயில்லை. அவனுக்கு அப்படிப் படுக்க யார் பழக்கியது என்று அவள் இதுவரை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.